தலைக்குப் பனி, காலுக்கு ஐஸ்

என்னிடம் நீல அட்டை போட்ட ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருந்தது. அதில் பெயர்கள் இல்லை, வயதுகள் மட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒன்பது வருடம் வேலை செய்தபோது, பேசியவரின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வயதை எழுதும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கனடாவில், ரொறன்ரோ நகரத்தில் பெயரைக் கேட்டால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பலருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. தங்கள் பெயர் எங்கேயும் எழுதப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. வயதைச் சொல்வதில் யாருக்கும் தடை இருக்கவில்லை. ஆகவே அடைப்புக்குறியும் அதற்குள் இருந்த எண்ணும் மட்டும் மிஞ்சின.

கேள்வியும் ஒன்றுதான். ஸ்நோ பிடிக்குதோ?

1983 டிசம்பரில் நான் வந்து இறங்கியபோது எனக்கு 34. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அபார்ட்மென்ற்றில் ஆறு ஆண்கள் இருந்தோம். முதல் ஸ்நோ கொட்டிய பிற்பகல் நான் கீழே போய், கறுப்பு ஜக்கெற்றின் கையை நீட்டி, ஒரு துகள் கரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிடித்ததா என்று என்னையே கேட்டிருந்தால் பதில் இருந்திராது. விடுப்புப் பார்க்கிற, புதுசைக் காணுகிற ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

எங்களில் இளையவனுக்கு 22. அவன் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு, சேட்டுடன் ஸ்நோவுக்குள் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். ஒரு மாதத்துக்குப் பிறகு தாயின் கடிதம் வந்தது. அதை அவன் எங்களுக்குச் சத்தமாக வாசித்தான். “தலையில பனி படுது. ஒரு துவாயாவது போட்டிருக்கலாமே.” எல்லோரும் சிரித்தோம். படத்தில் அவன் காலில் றப்பர் செருப்பு இருந்தது. தாய் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. நான் அதைக் குறித்துவைத்தேன். ஏன் குறிக்கிறேன் என்று அப்போது தெரியாது.

மற்றப் பக்கங்களில் இருந்தவையும் ஒரே திசையில் போயின. பழைய கார் ஒன்று வாங்கியிருந்த ஒருவருக்கு (31) ஸ்நோ என்றால் காலையில் இருபது நிமிடம் சவள் பிடித்து அதை அள்ளிக் கொட்டுவது. இன்னொருவரின் (47) முழங்கால், வானொலிக்கு முன்பே காலநிலையைச் சொல்லிவிடும். எலிவேற்றரில் சந்தித்த ஒரு அன்ரி (52), “ஸ்நோ வடிவுதான் தம்பி, அது சன்னலுக்கு வெளியில நிக்குமட்டும்” என்றார். வயது ஏற ஏற விருப்பம் இறங்குகிறது. செய்தியாக எழுதினால் தலைப்பு ஒரே வரியில் வந்துவிடும். அந்தக் காலத்தில் எனக்கு அது போதுமாக இருந்தது.

85இல் மனைவியும் மகளும் வந்தார்கள். அதே தொடர்மாடிகளில் பதினோராவது மாடிக்குத் தனியாக மாறினோம். அடுத்த வருடம் கோடையில் மாமா வந்து சேர்ந்தார். என் மனைவியின் தகப்பன், 66. மாமி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா முப்பது வருடம் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் வந்ததை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழிலும் சொல்லுகிற வேலை. ஒரு கறுப்புக் குடையும், மினுக்கிய இரண்டு சோடி தோல் சப்பாத்தும் கொண்டு வந்திருந்தார்.

நவம்பரில் முதல் ஸ்நோ விழுந்தபோது குடையுடன் பல்கனிக்குப் போனார். சற்று நேரம் குடைக்குக் கீழே நின்றார். பிறகு கையை வெளியே நீட்டி உள்ளங்கையைப் பார்த்தார். நான் புத்தகத்துடன் போய்க் கேள்வியைக் கேட்டேன்.

“கேள்வி தெளிவில்லை,” என்றார். “பாக்கப் பிடிக்குதோ, மேலில படப் பிடிக்குதோ?”

“ரெண்டும் மாமா.”

“பாக்க நல்ல வடிவு. பட்டால் தலையிடி. தலையை மூடினால் பிரச்சினை முடிஞ்சுது.”

அவர் அதைப் பனி என்றே சொன்னார். மார்கழி, தை மாதங்களில் விடியப்புறம் ஊரில் இறங்குகிற அதே பனி. அது மேலேயிருந்து வரும், உச்சியிலும் காதிலும் பிடிக்கும், சளித் தடிமனையும் தலையிடியையும் தரும். சின்ன வயதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டது இதுதான். பனிக்குள் நிற்காதே, தலையை மூடு. காலைப்பற்றி யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மாமாவுக்கு அந்த நகரத்தில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. காலை பத்து மணிக்குப் புறப்பட்டு, பார்லிமென்ற் வீதியிலுள்ள நூலகத்துக்கு நடந்து போவார். ஆங்கிலப் பத்திரிகையில் வழக்குச் செய்திகளை ஒன்றுவிடாமல் வாசிப்பார். பன்னிரண்டரைக்குத் திரும்பி வருவார். புறப்படும்போது ஒவ்வொரு நாளும் ஒரே பகிடி: “பார்லிமென்ருக்குப் போட்டு வாறன்.” என் மகள் ஒவ்வொரு நாளும் சிரிப்பாள்.

மற்ற எல்லா இடத்துக்கும் அவரை நாங்கள் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டரிடம், கடைக்கு, பண்டிகைக்கு வாடகை மண்டபத்தில் வைத்த பூசைக்கு. ஒருநாள் மனைவி, “நூலகத்துக்கும் சனிக்கிழமையில நான் கூட்டிக்கொண்டு போறன் அப்பா” என்றபோது அவர் மறுத்தார். “கூட்டிக்கொண்டு போறது வேற, போறது வேற பிள்ளை.” பத்திரிகையில் வாக்கியம் திருத்தியவன் என்பதால் எனக்கு அது உடனே விளங்கியது. அவருடைய முழு நாளிலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் எழுவாய்.

ஜனவரியில் ஒரு காலை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு அச்சகத்தில் பிற்பகல் வேலை, ஆகவே காலையில் வீட்டில் இருப்பேன். தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தபடி வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து மாமா கேட்டார்.

“தம்பி, ரேடியோ என்ன சொல்லுது?”

வானொலி சொன்னது ஃப்ரீசிங் ரெயின். தண்ணீராகவே விழுந்து, நிலத்தில் பட்டவுடன் கண்ணாடியாக உறைகிற மழை. அதற்கு எனக்குத் தமிழ்ச் சொல் தெரியாது. தெரியாத சொல்லுக்கு நேரம் எடுக்காமல் ஒன்றைப் போட்டு அச்சுக்கு அனுப்புவது என் பழைய தொழில்.

“பனியாம் மாமா. பனி மழை. கவனம்.”

அவர் வெளியே வந்தார். கம்பளித் தொப்பி, அதற்கு மேல் காதைச் சுற்றி மப்ளர், தூக்கிவிட்ட கொலர், கையில் குடை. காலில் மினுக்கிய தோல் சப்பாத்து. “எல்லாம் மூடியாச்சு” என்றார். நானும் அவருடைய தலையைத்தான் பார்த்தேன். பார்த்துத் தலையாட்டினேன்.

கால் மணி நேரத்துக்குள் கீழேயிருந்து இன்ரகொம் அடித்தது. மாமா சொன்ன இலக்கத்தை அடித்த யாரோ ஒருவர், அவர் விழுந்துவிட்டார் என்றார். நான் ஓடிப் போக நினைத்தேன். வாசலைத் தாண்டியதும் ஓட முடியவில்லை. சைட்வோக் வெறுமனே நனைந்திருந்தது போலத்தான் தெரிந்தது. வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கட்டடத்திலிருந்து முப்பது அடிக்குள் மாமா நிலத்தில் இருந்தார். வலது கையை மடியில் வைத்திருந்தார். இடது கையில் குடை நிமிர்ந்தபடி இருந்தது.

“தலை நனையேல்லை,” என்றார்.

மணிக்கட்டு உடைந்திருந்தது. குடையை மடக்க முடியவில்லை. அதன்மேல் ஐஸ் ஒரு தோல்போலப் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரக்சிக்குள் அது போகாததால் வாசலில் வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து குளியல் தொட்டியில் வைத்தபின்தான் அது இளகி மடிந்தது.

மாலையில் மனைவி வந்து, பிளாஸ்ரர் போட்ட கையைப் பார்த்தாள். அழவில்லை. வாசல் கொளுக்கியில் மாமாவின் திறப்பு, கட்டடத்துக்கும் வீட்டுக்குமான சாவி, தொங்கியது. அதைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

“ஏப்ரல் வருமட்டும் தனியப் போறேல்லை.”

“பிணையில்லாத விளக்கமறியலோ?”

“அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ.” பிறகு என்னைப் பார்த்தாள். “அப்பா வெளிக்கிடேக்கை நீங்கள் நிண்டனீங்கள்தானே? ரேடியோவில ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னது. நான் மாமாவுக்குச் சொன்னனான்,” என்றேன்.

அது பொய்யல்ல. மாமா பிளாஸ்ரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு படுக்கும்போது மனைவி சொன்னாள்: “அப்பாவுக்கு வயது போட்டுது. சொல்லியும் கேக்கேல்லை.” தடையுத்தரவு நின்றது அந்த ஒரு வரியின் மேல். அந்த வரி பிழை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அதன்பிறகு மாமா கதிரையைத் திருப்பிப் போட்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தார். பெப்ரவரியில் மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன். “உது வெள்ளையாக் கிடக்கிற ஐஸ். வேற என்ன?” என்றார். பனி என்ற சொல்லை அவர் கைவிட்டிருந்தார். என் புத்தகத்தில் இருபது வருட வயது வித்தியாசம் காட்டிய மாற்றம் அவருக்கு மூன்று மாதத்தில் வந்துவிட்டது. அப்படியென்றால் மாற்றியது வயதா, விழுந்ததா? என் ஒரு வரித் தலைப்பில் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அதனால் விழாதவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஏழாம் மாடியில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எந்தக் காலநிலையிலும் வெளியே போனார். அவருடைய பூட்ஸுக்கு மேலே ஆண்கள் போடும் பழைய கம்பளிக் காலுறைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. கடிதப் பெட்டிகளுக்கு முன்னால் ஒருநாள் மறித்துக் கேட்டேன். வயது 79. சிறுமியாக இருந்தபோது ஸ்நோ பிடித்தது, நாலு பிள்ளைகளை வளர்க்கும்போது அதைக் கண்ணிலும் காட்டக்கூடாது, இப்போது மறுபடி பிடிக்கிறது என்றார். ஏன் என்று கேட்டேன். நின்று பார்க்க இப்போதுதான் நேரம் இருக்கிறதாம். நின்று என்பதை அவர் அழுத்திச் சொன்னார். நடக்கும்போது தான் நிலத்தை மட்டும் பார்ப்பதாகவும், மற்ற எதையும் பார்க்க வேண்டுமென்றால் நின்றுவிடுவதாகவும் சொன்னார். காலுறை எதற்கு என்று கேட்டபோது, என்னை விளங்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கம்பளி ஐஸில் பிடிக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சொன்னேன். அவர் குறுக்கு விசாரணை செய்தார்.

“அந்த மனிசி குடை பிடிக்கிறவவோ?”

“இல்லை மாமா.”

“தலையில?”

“சும்மா ஒரு சீலைத் தொப்பி.”

மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்: “அண்டைக்கு ரேடியோ சொன்ன சொல்லு என்ன? உம்மடை சொல்லு வேண்டாம். அவன் சொன்ன சொல்லு.”

சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்.

“ஃப்ரீசிங் ரெயின்.” மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “அதுக்கு நீர் பனி எண்டீர்.”

“ஓம் மாமா.”

“கோட்டில நான் இப்பிடிச் சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு அப்புக்காத்து எழும்பியிருப்பார். சொல்லுத் தெரியாட்டி அந்தச் சொல்லை அப்பிடியே விட்டிட்டு, என்ன எண்டு விளங்கப்படுத்தோணும். மழை பெய்யுது, நிலத்தில ஐஸாப் போகுது. எட்டுச் சொல்லுக்குள்ள முடிஞ்சிருக்கும்.”

“உங்கடை மகளுக்குச் சொல்லப் போறியளோ?”

“நான் ஏன் சொல்லுறன்? அது உம்மடை சாட்சியம்.”

நான் சாட்சியம் சொல்லவில்லை. நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஏப்ரலில் திறப்பு திரும்பி வந்தது. கோடை முழுவதும் மாமா பார்லிமென்ருக்குப் போய் வந்தார். விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்க விரும்பினேன். நவம்பரில் முதல் ஸ்நோ விழுந்த மாலை, மனைவி கொளுக்கியிலிருந்து திறப்பை மறுபடி எடுத்தாள். சாப்பாடு பரிமாறுவதுபோல, வழக்கமான ஒரு காரியமாக எடுத்தாள்.

டிசம்பரில் வாசல் மிதியடி காணாமல் போனது. தும்பு மிதியடி, தேங்காய்த் தும்பில் செய்தது, ஊரில் உள்ளதைப் போலவே இருக்கிறது என்று மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு நாளுக்குப் பிறகு பல்கனிக் கதவைத் திறந்தவள் அலறினாள். பல்கனி நிலம் முழுவதும் ஐஸ். முதல் நாள் மாலையில் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதன் நடுவே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மாமா நின்றார். பூட்ஸுக்குக் கீழே, பாத அளவில் வெட்டிய மிதியடித் துண்டுகள், பழைய பை ஒன்றின் வாரால் கட்டியிருந்தன.

“அப்பா! என்ன விசர் வேலை இது?”

“பரிசோதனை.” கம்பியை விட்டார். நின்றார். ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி.

மகள் கதவோரம் நின்று பார்த்தாள். “அம்மப்பா, யூ வோக் லைக் அ டக்!”

“தாரா விழுறதைக் கண்டனீரோ?” என்று கேட்டார் மாமா. அவள் யோசித்துவிட்டு இல்லை என்றாள். “அப்ப அதையும் எழுதும் தம்பி,” என்றார் என்னைப் பார்த்து.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். திறப்பைக் கொடுக்கவில்லை. மாமா மூன்று வாரம் விடாமல் பிணை மனுப் போட்டார். சாப்பாட்டு நேரத்தில், நின்றபடி, கையைப் பின்னால் கட்டி. கடைசியில் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நாள். நான் பின்னால் போகவேண்டும். விழுந்தால், இனி எந்தக் குளிர்காலத்திலும் தனியாகப் போகிற கதையே இல்லை.

அன்று காலை வானொலி அதே இரண்டு சொற்களைச் சொன்னது. விடியும்வரை பெய்து ஓய்ந்திருந்தது. “இன்னொரு நாள் போகலாமே மாமா” என்றேன். “சறுக்காத நாளில சோதினை வைச்சு என்ன பிரயோசனம்?” என்றார். மப்ளர் கட்டவில்லை. குடையும் எடுக்கவில்லை. குனிந்து, வார்களை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

இருபது அடி இடைவெளியில் போனேன். அவர் பாதத்தைத் தூக்காமல், சின்னச் சின்ன அடியாக, உடம்பைக் காலுக்கு நேர்மேலே வைத்து நடந்தார். எதையாவது பார்க்க விரும்பினால் நின்றார். ஏழாம் மாடி மூதாட்டியின் விதி. நான் சாதாரண பூட்ஸில், அவருடைய கால்களைக் கவனித்தபடி, அவர் எந்த இடத்தில் விழுவார் என்று மனதுக்குள் கணித்துக்கொண்டு வந்தேன். அப்போது வெயில் வந்தது. வீதியோர மேப்பிள் மரம் முழுவதும், ஒவ்வொரு சுள்ளியும், கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு வைத்ததுபோல மினுங்கியது. நுனி மொட்டுக்குக்கூடத் தனி உறை. நான் நடந்துகொண்டே மேலே பார்த்தேன்.

விழுந்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மாமா நின்றார். கழுத்தை மட்டும் திருப்பாமல், முழு உடம்பையும் சின்ன அடிகளில் சுற்றித் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எங்கை நோகுது?”

“ஒண்டுமில்லை மாமா.”

“எழும்பாதையும். கொஞ்சம் இரும்.” நான் எதைப் பார்த்து விழுந்தேன் என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். பக்கத்தில் நின்று, மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். “வடிவாத்தான் கிடக்குது,” என்றார். ஒரு வருடமாக அவர் வாயிலிருந்து நான் கேட்காத சொல்.

நான் வேலியைப் பிடித்து எழும்பியதும், “நீர் வீட்டை போம். பிடிச்சுப் பிடிச்சுப் போம்” என்றார். “நான் பார்லிமென்ருக்குப் போட்டு வாறன்.”

போனார். நான் அவர் திருப்பத்தில் மறையுமட்டும் பார்த்துவிட்டு, கட்டடத்துக்குத் திரும்பினேன். கட்டடம்வரை இருந்த முப்பது அடியைக் கடக்கப் பத்து நிமிடம் எடுத்தது.

மனைவி கதவைத் திறந்தாள். “அப்பா எங்கை?”

“போட்டார்.”

“தனியவோ? நீங்கள் ஏன் திரும்பி வந்தனீங்கள்?” பிறகு என் காற்சட்டை நனைந்திருப்பதைக் கண்டாள்.

விழுந்தது நான் என்று சொன்னேன். அங்கேயே வாசலில், பூட்ஸைக் கழற்றாமல், போன வருடத்து மிச்சத்தையும் சொன்னேன். வானொலி சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, அதைக் கேட்டு அவர் எதை மூடினார், எதை மூடவில்லை. சொல்லியும் கேட்காதவர் அல்ல அவர், சொன்னதை அப்படியே கேட்டவர் என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. சன்னலடிக்குப் போய், பதினோராவது மாடியிலிருந்து தெரிகிற அளவு வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டரைவரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பன்னிரண்டரைக்கு இன்ரகொம் அடித்தது. திறப்பு இல்லாதவர் அதைத்தான் அடிக்கவேண்டும்.

மாமா உள்ளே வந்து, வார்களை அவிழ்த்து, தும்புத் துண்டுகளைத் தண்ணீர் வடிய ஓரமாக வைத்தார். நிமிர்ந்தபோது திறப்பு கொளுக்கியில் தொங்கியது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“விழுந்தனீங்களோ அப்பா?” என்று கேட்டாள் மனைவி.

“நான் விழேல்லை,” என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

“தெரியும். விழுந்த ஆள் எல்லாம் சொல்லிப்போட்டார்.” அவள் அலுமாரிக்குப் பின்னாலிருந்து மிதியடியின் மிச்சத்தை இழுத்தெடுத்தாள். நடுவில் இரண்டு பாதங்கள் வெட்டி எடுக்கப்பட்ட ஓட்டையுடன் அது இருந்தது. அதை என் முன்னால் நிலத்தில் போட்டாள். கத்தரிக்கோலையும் வைத்தாள். “கரையில இன்னும் இடம் கிடக்குது. காலை வையுங்கோ, அளவு எடுப்பம்.”

வைத்தேன். குதிக்கால் மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது.